பி மீசான் மூன்று கேயானாகச் சிதைவது: சமச்சீரின்மை குறி மாறி வருகிறது, ஏன்?

குறிஞ்சி கேட்டது:

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி உணரி 2011-ல் எடுத்துப் பொதுவில் கொடுத்திருக்கும் தரவை வைத்து, மின்னூட்டமுள்ள பி மீசான் (பி குவார்க் உள்ள கனமான துகள்) அதைவிட லேசான மூன்று கேயானாகச் சிதைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பி பிளஸும் அதன் எதிர்த்துகளான பி மைனஸும் ஒரே அளவில் இப்படிச் சிதைகின்றனவா என்பதே கேள்வி. காந்தப்புலம் மேல்நோக்கி ஒரு கோப்பு, கீழ்நோக்கி ஒரு கோப்பு. கருவி என்று பார்த்தால் பைத்தான், அப்ரூட், நம்பை, அவ்வளவுதான்.

இதுவரை செய்தது: மூன்று துகளுக்கும் கேயான் நிகழ்தகவு 0.5-க்கு மேல், பயான் (கேயானைவிட லேசான மீசான்) நிகழ்தகவு 0.5-க்குக் கீழ், மியூவான் கொடி 0 (மியூவான் அல்ல). உந்தத்தோடு கேயான் நிறை 493.677 எம்இவி (துகள் நிறையின் அலகு) சேர்த்து ஆற்றல், அதிலிருந்து பி-யின் நிறை. 5279 எம்இவி பக்கத்தில் நல்ல முகடு வந்துவிட்டது. 5239 முதல் 5319 வரை இருப்பதை அப்படியே எண்ணினேன். பட்டியலில் முதலாவதாக வரும் துகளின் மின்னூட்டத்தைப் பி-யின் மின்னூட்டமாக எடுத்துக்கொண்டேன்.

காந்தம் கீழ்: பி பிளஸ் 6,710, பி மைனஸ் 7,090
காந்தம் மேல்: பி பிளஸ் 4,570, பி மைனஸ் 5,030
இரண்டும் சேர்த்து: பி பிளஸ் 11,280; பி மைனஸ் 12,120

சமச்சீரின்மையை 'ச' என்று வைத்தால், ச = (மைனஸ் − பிளஸ்) ÷ மொத்தம் = +0.036. பிழை 0.0065. ஐந்தரை சிக்மா (விடை பிழையைப் போல ஐந்தரை மடங்கு)! ஆனால் எல்எச்சிபி 2013-ல் வெளியிட்ட மதிப்பு −0.043. அளவு கிட்டத்தட்ட சரி, குறி மட்டும் நேர் எதிர்.

1) குறி எங்கே மாறுகிறது?
2) காந்தம் கீழ் 0.028, மேல் 0.048. இந்த வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டுமா?
3) டாலிட்ஸ் வரைபடத்தை (இரண்டு துகள் ஜோடிகளின் நிறை வர்க்கங்களை இரு அச்சில் போட்ட படம்) 20-க்கு 20 கட்டமாகப் பிரித்தால் சில கட்டங்களில் 40, 50 சதவீதம் வரை வருகிறது. அவற்றை நம்பலாமா?
4) கடைசியாக, ஆய்வறிக்கையின் முன்னுரையில் "பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் ஏன் இல்லை என்பதற்கு இது விளக்கம்" என்று எழுதலாமா?

பட்டகம்:

முதல் கேள்விக்குப் பதில் உங்க கடைசி வரியிலேயே இருக்கு. முதல் துகளோட மின்னூட்டம் பி-யோட மின்னூட்டம் ஆகாது. பி பிளஸ் சிதைஞ்சா கே பிளஸ் (பிளஸ் கேயான்), கே பிளஸ், கே மைனஸ். மூணையும் கூட்டுங்க: +1 வந்தா பி பிளஸ், −1 வந்தா பி மைனஸ். வேற எதுவும் வரக்கூடாது. வந்தா, அந்த நிகழ்வைத் தூக்கிப் போடுங்க.

உங்க எண்ணிலிருந்தே இன்னொண்ணும் தெரியுது. எதிர்க்குறித் துகள் மூணு இடத்துல எங்க வேணா வரும்னு வச்சா, மூணுல ஒரு பங்கு நிகழ்வை நீங்க தப்புப் பக்கம் போட்டிருப்பீங்க. தப்பான பங்கு 'த'ன்னா, கிடைக்கிற விடை (1 − 2த) மடங்கு ஆயிடும். த = 1/3 ஆனா உண்மையான மதிப்புல மூணுல ஒண்ணுதான் மிஞ்சும், குறி மாறாது. உங்களுக்கு அளவு குறையல, குறி மட்டும் முழுசாத் திரும்பியிருக்கு. அதாவது த = 1. ஒண்ணு, எதிர்க்குறித் துகள் எப்பவும் முதல் இடத்துல இருக்கு. இல்லைன்னா கழித்தல் வரிசை நிரல்ல எங்கேயோ புரண்டிருக்கு. பத்து நிகழ்வோட மூணு மின்னூட்டத்தையும் அச்சடிச்சுப் பாருங்க, உடனே தெரிஞ்சிடும்.

குறி சரியானதும் −0.036-ஐ அப்படியே எழுதிடாதீங்க. அந்த 80 எம்இவி சன்னலுக்குள்ள பின்னணியும் (நம்ம சிதைவிலிருந்து வராத நிகழ்வு) உட்கார்ந்திருக்கு. பின்னணி 10 சதவீதம், அதுக்குச் சமச்சீரின்மை பூஜ்யம்னு வச்சா உண்மை மதிப்பு −0.036 ÷ 0.9 = −0.040. பின்னணிக்கும் சொந்தமா ஒரு சமச்சீரின்மை இருக்கலாம், அதனால பிளஸ், மைனஸ் ரெண்டுக்கும் தனித்தனியாக் கழிக்கணும்.

எளிய வழி: 5380 முதல் 5540 வரை ஒரு பக்கப் பட்டை. அகலம் சன்னலைப் போல ரெண்டு மடங்கு, அதனால பின்னணி மட்டமா இருந்தா பாதியைக் கழிக்கணும். ஆனா தற்செயல் பின்னணி நிறை ஏற ஏற குறையும், அதனால பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலா. இடது பக்கப் பட்டையைத் தொடாதீங்க. 5140-க்குக் கீழே ஒரு தோள் மாதிரி ஏறுதுல்ல, அது நாலு துகளாச் சிதைஞ்ச பி. அதுல ஒரு பயான் நம்ம கணக்குல விடுபட்டுப் போச்சு. 5279-ல ஒரு பயான் நிறையான 140-ஐக் கழிச்சா அந்த இடம் வரும். அது தற்செயல் பின்னணியே இல்ல, அதை வச்சு முகட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு சொல்ல முடியாது.

முறையாச் செய்யணும்னா ரெண்டு மின்னூட்டத்துக்கும் ஒரே நேரத்துல பொருத்துங்க: முகட்டோட இடமும் அகலமும் (ஏறக்குறைய 20 எம்இவி) பொது, எண்ணிக்கை மட்டும் தனி.

இன்னும் ரெண்டு ஓட்டை இருக்கு. பி, ஒரு டி சுழியத்தையும் (நடுநிலை டி மீசான்) கேயானையும் விட்டு, அந்த டி சுழியம் கே பிளஸ் கே மைனஸாப் போனாலும் இறுதியில இதே மூணு கேயான்தான். எதிர்க்குறி ஜோடி நிறை 1830 முதல் 1890 எம்இவி வரை இருந்தா வெட்டுங்க. எதிர்க்குறி ஜோடி ரெண்டு உண்டு, ரெண்டையும் சோதிக்கணும். நிறைய பேர் ஒண்ணோட நிறுத்திடறாங்க. அடுத்தது, பயானைக் கேயான்னு தப்பா அடையாளம் கண்டது. லேசான துகளுக்குக் கனமான நிறையைக் கொடுத்தா பி-யோட நிறை மேலே தள்ளும், அதனால இந்தக் கலப்பு முகட்டுக்கு வலது பக்கம் வரும். கேயானும் ரெண்டு பயானுமாப் போற சிதைவு உங்களோடதைவிட அடிக்கடி நடக்குது: லட்சத்துல 5.1, உங்களோடது 3.4. அதோட சமச்சீரின்மை நேர்க்குறி வேற. அடையாள வெட்டை 0.5-லிருந்து 0.6, 0.7-ன்னு ஏத்திப் பாருங்க. விடை நகர்ந்துக்கிட்டே போனா கலப்பு இருக்குன்னு அர்த்தம்.

நேர்கோடு:

காந்தம் பற்றிய கேள்விக்கு.

கீழ்: −0.0275, பிழை 0.0085. மேல்: −0.0479, பிழை 0.0102. (குறியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்.) வித்தியாசம் 0.020, அதன் பிழை 0.013. ஒன்றரை சிக்மா. கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு முனைப்பிலும் தரவு எடுத்ததன் காரணம் தெரிந்திருக்க வேண்டும். எல்எச்சிபியின் காந்தம் கிடைமட்டத்தில் வளைக்கும். ஒரு முனைப்பில் பிளஸ் துகள் இடதுபுறம் போனால் மைனஸ் வலதுபுறம். இடதுபுறத்தில் நாலு உணரிகள் வேலை செய்யவில்லை என்றால் பிளஸ் மட்டும் குறையும். இயற்பியலில் எதுவும் இல்லாமலே சமச்சீரின்மை வந்துவிடும். காந்தத்தைத் திருப்பினால் அதே பழுது மைனஸைக் குறைக்கும். தராசுத் தட்டுகளை மாற்றிப் போட்டு மறுபடி நிறுப்பது மாதிரி. எனவே இரண்டு எண்ணிக்கையையும் கொட்டிக் கலக்காமல், இரண்டு 'ச' மதிப்புகளின் நேர் சராசரியை எடுங்கள்: −0.038, பிழை 0.0066. உங்களிடம் கீழ்முனைப்புத் தரவு அதிகம் (13,800-க்கு 9,600). கலந்துவிட்டால் இடவலக் கோளாறு முழுதும் அடிபடாது.

காந்தத்தைத் திருப்பினாலும் போகாதவை இரண்டு. இவைதான் உங்கள் ஐந்தரை சிக்மாவுக்கு எமன்.

ஒன்று, உற்பத்தி. மோதுவது புரோட்டானும் புரோட்டானும். இரண்டு பக்கமும் பொருள்தான், எதிர்ப்பொருள் இல்லை. ஆகவே பி பிளஸும் பி மைனஸும் சரிசமமாகப் பிறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜப்பானில் சுகுபாவில் இருக்கும் பெல் 2-க்கு இந்தத் தொல்லை கிடையாது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி, பி-யும் எதிர்-பியும் ஜோடியாகவே பிறக்கின்றன. (சென்னை ஐஐடி குழுவும் பெல் 2-ல் இருக்கிறது.)

இரண்டு, கண்டறிதல். கே மைனஸில் விசித்திரக் குவார்க் இருப்பதால் அது அணுக்கருவோடு சேர்ந்து ஹைபரானை (விசித்திரக் குவார்க் உள்ள, புரோட்டான் வகைத் துகளை) உண்டாக்கும். கே பிளஸில் இருப்பது எதிர்-விசித்திரக் குவார்க். அதற்கு அந்த வழி அடைத்திருக்கிறது. ஆகவே உணரிப் பொருளைக் கடக்கும்போது கே மைனஸ் கூடுதலாகத் தொலைகிறது. உங்கள் சிதைவில் ஒரு கே பிளஸும் ஒரு கே மைனஸும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மிச்சம் ஒரு கேயானின் விளைவு. ஒரு சதவீத அளவில், 'ச'-வை மைனஸ் பக்கம் தள்ளும். அதாவது உங்கள் −0.038-ல் ஒரு பகுதி உணரிச் சுவரில் தொலைந்த கே மைனஸ்கள்தான்.

எல்எச்சிபி இதைத் தீர்த்த விதம் அழகு. பி மீசான் ஜே-சை மீசானும் ஒரு கேயானுமாகச் சிதைவதை அதே தரவில் எண்ணினார்கள். அங்கேயும் ஒற்றைக் கேயான், அதே உற்பத்தி. அந்தச் சிதைவின் உண்மையான சமச்சீரின்மை பூஜ்யத்துக்கு மிக அருகில் என்று வேறு அளவீடுகளிலிருந்து தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உற்பத்தியும் கண்டறிதலும் சேர்ந்தே அடிபடும். 2013 முடிவை முழுதாகப் பாருங்கள்: −0.043 ± 0.009 ± 0.003 ± 0.007. முதலாவது எண்ணிக்கையால் வரும் பிழை, இரண்டாவது முறைமைப் பிழை, மூன்றாவது ஜே-சை சிதைவின் மதிப்பு எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பது. 2014-ல் தரவு மூன்று மடங்கானபோது முதல் பிழை 0.004 ஆயிற்று, மூன்றாவது 0.007-லேயே நின்றது.

உங்களிடம் அந்தக் கட்டுப்பாட்டுச் சிதைவு இல்லை. முறைமைப் பிழை 0.01 என்று வெளிப்படையாக எழுதுங்கள். 0.0066-ஐயும் 0.01-ஐயும் வர்க்கக் கூட்டலில் சேர்த்தால் 0.012. ஐந்தரை சிக்மா மூன்றாக இறங்கும்.

பட்டகம்:

0.01 ரொம்பத் தாராளம்ங்க. கேயான் விளைவு எந்தத் திசையில தள்ளும்னு தெரியும்போது அதையும் ரெண்டு பக்கமும் பரப்புறது எதுக்கு? மையத்தை நகர்த்திட்டு 0.005 வைக்கலாம்.

நேர்கோடு:

திசை தெரியும், அளவு உந்தத்தைப் பொறுத்தது. இந்தத் தரவில் அதைத் தனியாக அளக்க வழியில்லாமல் மையத்தை நகர்த்துவது, வேறு யாரோ அளந்த விடையை நம் விடைக்குள் திணிப்பது. வன்பொருள் தூண்டியின் (எந்த மோதலைப் பதிவுசெய்வது என்று உடனே தீர்மானிக்கும் அமைப்பு) ஹேட்ரான் தேர்வும் மின்னூட்டத்துக்கு ஏற்ப லேசாக மாறும், அதையும் எங்கே வைப்பது? முதுநிலை அறிக்கைக்கு 0.01 நேர்மையான எண். என் கருத்தில் மாற்றமில்லை.

குறிஞ்சி:

கூட்டிப் பார்த்தேன், பி பிளஸ்தான் அதிகம். இப்போது −0.036. டாலிட்ஸ் கட்டங்கள்தான் இன்னும் பாக்கி. கிடையில் ஒரு எதிர்க்குறி ஜோடியின் நிறை வர்க்கம், நெடுக்கில் மற்ற ஜோடி. இரண்டையும் வரும் வரிசையிலேயே போட்டிருக்கிறேன்.

பட்டகம்:

வரிசையை முதல்ல சரி பண்ணுங்க. ஒரே குறியுள்ள ரெண்டு கேயானும் அச்சு அசல் ஒண்ணு, இயற்கைக்கு 'முதல்', 'ரெண்டாவது' கிடையாது. ரெண்டு ஜோடியில நிறை குறைஞ்சதைக் கிடையில, கூடினதை நெடுக்கில போடுங்க. படம் மூலைவிட்டத்துல மடிஞ்சு பாதியாகும், கட்டத்துக்கு நிகழ்வு ரெண்டு மடங்காகும். எல்லை சரியான்னு பார்க்க: சிறும வர்க்கம் கேயான் நிறையோட ரெண்டு மடங்கின் வர்க்கம், 0.97 ஜிஇவி² (1 ஜிஇவி = 1000 எம்இவி). பெருமம் (5.279 − 0.494)², ஏறக்குறைய 22.9. இதுக்கு வெளியே ஒத்தை ரெண்டு புள்ளி வர்றது, பி நிறை சரியா 5279 இல்லாததால. கூட்டமா வந்தா நிறைக் கணக்குல பிழை. 1.04-ல ஒரு மெல்லிய கோடு தெரியணும், அது ஃபை மீசான். அது தெரியலைன்னா மேற்கொண்டு போகாதீங்க. 11.66 பக்கத்துல வர்றது கை-சி-சுழியம்ங்கிற மீசான்; அதை வெட்ட வேண்டாம்.

இப்ப அந்த 40, 50 சதவீதம். ஒரு கட்டத்துல 4 பிளஸ், 2 மைனஸ்னு வச்சுக்குங்க. ச = −0.33. பிழை, (1 − ச²) ÷ மொத்தம், அதுக்கு வர்க்கமூலம்: 0.385. விடையைவிடப் பிழை பெருசு. அதனால 'ச'-வை நிறமாப் போட்டுப் படம் வரையாதீங்க. (மைனஸ் − பிளஸ்) ÷ மொத்தத்தின் வர்க்கமூலம், இதைப் போடுங்க. சிக்மா நேராத் தெரியும். கட்டங்களைச் சம அகலமா வெட்டாம சம எண்ணிக்கையா வெட்டுங்க. உங்க தரவுல முக்கால்வாசி ஓரத்துல குவிஞ்சிருக்கும், நடுவுல வெறும் வெளி.

அப்புறம், 400 கட்டம் இருந்தா, எதுவுமே இல்லாட்டியும் ஒரு கட்டம் மூணு சிக்மாவைத் தாண்டும் (0.27 சதவீதம் × 400). அதைத் தேடிப் பிடிச்சு வட்டம் போட்டுக் காட்டினா தேர்வாளர் சிரிப்பார். இடத்தை முன்னாடியே முடிவு பண்ணுங்க. எல்எச்சிபி 2013-ல எடுத்த இடம்: குறைந்த ஜோடி வர்க்கம் 1.2-லிருந்து 2.0 வரை, கூடின ஜோடி 15-க்குக் கீழே. அங்க அவங்களுக்கு −0.226 ± 0.020 (எண்ணிக்கைப் பிழை மட்டும்). உங்க கோப்பு அதே ஆண்டுத் தரவு, அதனால அதே இடத்துல வர்றது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது. ஆனா உங்க நிரல் ஒழுங்கா ஓடுதான்னு இதைவிட நல்ல சோதனை கிடையாது: 0.01 முறைமைப் பிழை இங்க தூசு.

சுழியம்:

நாலாவது கேள்வி தொடாமலே கிடக்கிறது. அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம். இந்த அளவீட்டில் உள்ள சிபி மீறல் (பொருளும் எதிர்ப்பொருளும் வேறுவிதமாக நடப்பது) கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-ல் சொன்ன வகை: மூன்று தலைமுறைக் குவார்க்குகள் இருந்தால் கலப்பு அணியில் நீக்க முடியாத ஒரு கட்டக்கோணம் மிஞ்சும். நான்காவது குவார்க்கே அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. அந்தக் கட்டக்கோணம் பிரபஞ்சத்துக்குப் போதாது.

மிகத் தோராயமாகக் கணக்குப் போடலாம். மீறலின் அளவைச் சொல்லும் யார்ல்ஸ்காக் எண் 0.00003. ஏதேனும் இரண்டு மேல்வகைக் குவார்க்குகளோ கீழ்வகைக் குவார்க்குகளோ ஒரே நிறையில் இருந்தால் மீறல் மறைந்துவிடும். அதனால் நிறை வர்க்க வித்தியாசங்கள் ஆறும் பெருக்கலில் வரும். அதை, மின்காந்த விசையும் வலுவிலா விசையும் பிரிந்த மாற்றத்தின் வெப்பநிலையான 100 ஜிஇவியின் பன்னிரண்டாம் அடுக்கால் வகுத்தால் 10⁻¹⁹ அளவில் நிற்கும். தேவைப்படுவது, ஒரு ஃபோட்டானுக்கு 6 × 10⁻¹⁰ பேரியான் (புரோட்டான், நியூட்ரான் வகைத் துகள்). பத்து இலக்கம் இடிக்கிறது. போதாக்குறைக்கு, 1967-ல் சகாரோவ் வைத்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று சமநிலை குலைய வேண்டும் என்பது. ஹிக்ஸ் நிறை 125 ஜிஇவியாக இருக்கும்போது திட்ட மாதிரியில் (துகள் இயற்பியலின் இன்றைய கோட்பாடு) அந்த மாற்றம் கொதிப்பது போலக் குமிழியிட்டு நடக்காமல் மெல்ல வழுக்கிப் போகிறது. குமிழியிட ஹிக்ஸ் நிறை 80 ஜிஇவிக்குள் இருந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு இடத்தில் மட்டும் 22 சதவீதம் எப்படி? அது சிபி மீறல் பெரிதாக இருப்பதால் அல்ல. சிதைவே அரிதாக இருப்பதால். கனமான பி குவார்க்குக்கு இங்கே இரண்டு பாதை. ஒன்று நேராக மேல் குவார்க்காக மாறுவது. அதற்கான இணைப்பு மிகச் சிறியது. மற்றது வளையம் வழியாக விசித்திரக் குவார்க்காக மாறுவது. வளையம் என்பதால் அதுவும் சிறியது. இரண்டும் ஒத்த அளவில் இருப்பதால் குறுக்கீடு பலமாகத் தெரிகிறது. வித்தியாசம் = 4 × ஒரு வீச்சு × மற்ற வீச்சு × சைன்(வலுவிலாக் கட்டம்) × சைன்(வலுக் கட்டம்). வலுவிலாக் கட்டம் (வலுவிலா விசையால் வரும் கட்டக்கோணம்) எதிர்ப்பொருளில் குறி மாறும், இங்கே காமா கோணம், 65 பாகை அருகே. வலுக் கட்டம் (வலு விசையால் வருவது) குறி மாறாது. இரண்டில் எது பூஜ்யமானாலும் எண்ணிப் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் 1.2 முதல் 2.0 வரையிலான பட்டையில் வலுக் கட்டம் எங்கிருந்து வருகிறது? 1 முதல் 1.5 ஜிஇவி நிறையில் இரண்டு பயான் இரண்டு கேயானாகவும் திரும்பவும் மாறிக்கொள்கின்றன. அந்த மறுசிதறல்தான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

முன்னுரையில் எழுத வேண்டியது இதுதான், ஏனென்றால் இதைத் தரவிலேயே பார்க்கலாம். சிபிடி சமச்சீரின்படி (மின்னூட்டம், இடவலம், காலம் மூன்றையும் ஒருசேரத் திருப்பினால் விதிகள் மாறாது) பி பிளஸுக்கும் பி மைனஸுக்கும் ஆயுள் ஒன்று. ஆகவே ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும் சிதைவுகளில் ஒன்றில் குறைவது இன்னொன்றில் கூட வேண்டும். எல்எச்சிபி 2022-ல் வெளியிட்ட எண்கள்: மூன்று கேயான் −0.037; கேயானும் இரண்டு பயானும் +0.011, மூன்று பயான் +0.080, பயானும் இரண்டு கேயானும் −0.114. குறிகள் ஜோடி ஜோடியாக எதிரெதிர். ஆனால் சிதைவு வீதத்தால் பெருக்கிப் பார்த்தால் முதல் ஜோடி சரியாக அடிபடாது: −0.037 × 3.4 = −0.126, +0.011 × 5.1 = +0.056. மீதி, நடுநிலைப் பயானும் நடுநிலைக் கேயானும் வரும் சிதைவுகளிலும் போய் ஒளிந்திருக்கலாம். அவற்றை எல்எச்சிபியில் பிடிப்பது கடினம்.

இன்னொன்று. மீசானிலேயே நின்றுவிடாதீர்கள். நம்மைச் சுற்றியுள்ள பொருள் பேரியான். 1964-ல் கேயான், 2001-ல் பி மீசான், 2019-ல் டி மீசான் என்று வந்தும், பேரியான் சிதைவில் சிபி மீறலை 5 சிக்மாவுக்கு மேல் காண 2025 ஆயிற்று: லாம்டா-பி (பி குவார்க் உள்ள பேரியான்), ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரண்டு பயானாகச் சிதைவதில் 2.45 ± 0.46 ± 0.10 சதவீதம். அதுவும் கோபயாஷி–மஸ்காவா வகையோடு ஒத்துப்போகக்கூடியதே. புதிய மூலம் எதையும் அது இன்னும் காட்டவில்லை.

குறிஞ்சி:

முன்னுரையை மாற்றிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: டி சுழியத்தை வெட்டிய பிறகு பக்கப் பட்டையிலும் அதே வெட்டு வேண்டுமா?

பட்டகம்:

கட்டாயம். முகட்டுச் சன்னல்ல போட்ட ஒவ்வொரு வெட்டும் பக்கப் பட்டையிலயும் இருக்கணும். இல்லாட்டி இல்லாத பின்னணியைக் கழிச்சிடுவீங்க. குறிப்பிட்ட இடத்துக்கு 'ச' எடுக்கும்போதும் அப்படித்தான்: 1.2–2.0 இடத்தோட பின்னணியை அதே இடத்துக்குள்ள விழுற பக்கப் பட்டை நிகழ்விலிருந்து எடுங்க, முழுப் படத்துப் பின்னணியை விகிதம் போட்டுப் பிரிக்காதீங்க. பிழைக் கணக்குல கழிச்ச பகுதியையும் சேர்க்கணும்: முகட்டு எண்ணிக்கை + (விகிதம்² × பக்கப் பட்டை எண்ணிக்கை), அதுக்கு வர்க்கமூலம். பிளஸுக்கு ஒருமுறை, மைனஸுக்கு ஒருமுறை.